ஆறு விரல் மின்னல்

— கையை எடுங்க மாமா!

— எடுத்துட்டேன்பா. தொடவே இல்ல.

— தொடணும்னு அவசியம் இல்ல. பக்கத்துல போனாலே தேடி வந்து கடிக்கும். போன வாரம் முழங்கையில வாங்கினது மறந்துடுச்சா?

— மறக்கல. சரக்குல உயிர் இருக்குன்னு அன்னைக்குத்தான் நம்பினேன். சரி, ஓட விடு.

— நான் நுனியில குண்டு வெச்ச இந்தக் கோலைப் பிடிச்சுக்கறேன். நீங்க ஸ்விட்சைப் போட்டு மெதுவா திருகுங்க. தையல் மெஷின் மோட்டார்தான்... ஒரேயடியா திருகினா பெல்ட் ஓரமா ஓடிடும்.

— போட்டாச்சு... ஓடுது... ஆஹா, சத்தம் வழுக்கிட்டுப் போகுது மாப்ளே.

— சத்தம் நல்லாத்தான் இருக்கு.

— எங்க மின்னல்?

— வரணும்.

— எங்க?

— வரணும்னு சொன்னேன்ல.

— "லாரி வந்துட்டே இருக்கு"ன்னு கஸ்டமருக்கு நானும் இதே குரல்லதான் சொல்லுவேன். லாரி அப்போ லோடே ஏத்தியிருக்க மாட்டான்.

— நிறுத்துங்க சார்.

— ...என்னது?

— ஸ்விட்சை நிறுத்துங்கன்னேன்.

— அதுக்கப்புறம் ஒரு வார்த்தை போட்டியே. சாரா?

— வாயில வந்துடுச்சு...

— இத்தனை வருஷமா வராத வார்த்தை இன்னைக்கு வந்துடுச்சாக்கும்?

— இல்ல... டைவர்ஸ் ஆனப்புறமும் மாமா மாமான்னு கூப்பிட்டுட்டு இருந்தா... யாராவது கேட்டா நல்லாவா இருக்கும்?

— இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு? ஞாயித்துக்கிழமை. கடைக்கு லீவு. ஷட்டர் இறக்கியாச்சு. இந்தக் குடோன்ல இருக்கறது நீ, நான், மிச்சமெல்லாம் அண்டாவும் குண்டானும் குடமும். அதுங்களுக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. ஆனா வெளிய சொல்லாது. பாத்திர வியாபாரத்துல எனக்குப் பிடிச்சதே அதுதான்.

— சரி மாமா.

— இன்னொரு தடவை.

— சரி... மாமா!

— ம். இப்போ மெஷினைப் பாரு. ஏன் வரல?

— அதான் புரியல. போன வாரம் நாலு விரல் தூரம் பாய்ஞ்சுது. இன்னைக்கு ஆறு விரல் வரணும். கணக்குப்படி வரணும்.

— நீ ஆறு விரல்னு வாக்குக் குடுத்தே. என் பொண்ணு ஸ்கூல் கண்காட்சிக்குன்னு இந்த மின்னல் மெஷினைக் கட்டினப்போ வந்தது ஒரே ஒரு விரல். அதுவும் மழைக்காலத்துல அது கூட வராது.

— அது அவ தப்பு இல்ல மாமா. சைக்கிள் ட்யூபை வெட்டி பெல்ட் போட்டா. கறுப்பு ரப்பர்ல கரி கலந்திருக்கும். மேல ஏத்தின சார்ஜை வழியிலயே கீழ விட்டுடும். இப்போதான் வெள்ளை ரப்பர் போட்டிருக்கோமே.

— அதாவது லோடுமேன் மூட்டையைத் தூக்கிட்டு மாடி ஏறறான். மூட்டையில ஓட்டை. மேல போய்ச் சேரறப்போ வெறும் சாக்கு.

— அதேதான்.

— பாத்தியா, எனக்கும் புரியுது.

— புரிஞ்சவர்தான் ரெண்டு உருளையும் ஒரே நைலான்ல வாங்கிட்டு வந்தீங்க.

— ஜோடியா எடுத்தா விலையில விட்டுக்குடுக்கறேன்னான்பா! ஜோடிப் பொருளைப் பிரிச்சு வாங்கறது எங்க கை பழகாத வேலை.

— கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டும் வேற வேற சரக்கா இருக்கணும் மாமா. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எத்தனை நாள் ஓடினாலும் சார்ஜ் ஏறாது.

— ...

— என்ன சிரிக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி பிடிவாதம். அதை நினைச்சேன்.

— மாமா...

— சரி, சரி. விடு. வேலையைப் பாரு.

— கீழே இருக்கற கம்பிச் சீப்பு சரியா இருக்கு... பெல்ட்டைத் தொடாம, ஒரு நூல் இடைவெளி... மேல் சீப்பும் சரி. தூண் காஞ்சிருக்கு. அந்தச் சாக்கை உதறாதீங்க மாமா, தூசி! எனக்கு... ஹ்ஹ்... ஹச்!

— தெரியாதா எனக்கு? கல்யாண ஆல்பத்துல பாதிப் படத்துல நீ கண்ணை மூடிட்டுதான் நிக்கறே. பார்த்தவங்கல்லாம் மாப்ளை ரொம்ப பக்திமான்னு நினைச்சாங்க.

— மேடையில விரிச்சிருந்த கம்பளத்தை யாரு உதறினாங்க, அதைக் கேளுங்க.

— நான்தான். வாடகைக் கம்பளம், ஓட்டை இருக்கான்னு பார்த்தேன். மணி என்ன?

— இன்னும் நேரம் இருக்கு. அஞ்சு மணிக்குத்தானே வர்றா?

— அஞ்சுன்னா அஞ்சுதான். டீச்சர் உத்தியோகம் ஆச்சே, மணியடிச்ச மாதிரி வருவா. வண்டி கொண்டு வர்றாளாம். பொட்டி கூட தயார். புதன்கிழமை வந்து டேப் வெச்சு அளந்துட்டுப் போனா.

— என்ன சொன்னா?

— என்ன சொல்லுவா... சுத்திச் சுத்திப் பார்த்தா. தட்டிப் பார்த்தா. "நல்லா பண்ணியிருக்காரே, யாருப்பா மெக்கானிக்?"ன்னா.

— நீங்க?

— "ஒரு மெக்கானிக்"னேன்.

— பேர் கேக்கலையா?

— கேட்டா. "நான் மெக்கானிக்னே கூப்பிட்டுப் பழகிட்டேன்மா"ன்னு முடிச்சுட்டேன்.

— மாமா, பொய் சொல்றப்போ கொஞ்சம் சிரத்தையா சொல்லக் கூடாதா?

— என்ன பண்ணச் சொல்றே? "உன் புருஷன்தான்மா, உன் பழைய புருஷன், ஞாயித்துக்கு ஞாயிறு மதியம் வந்துடறான், பைக்கை அடுத்த தெருவுல நிறுத்திட்டு, திருடன் மாதிரி பின்பக்கமா நுழையறான்"னு சொல்லட்டுமா? "அப்பா என் பக்கம்னு நினைச்சேனே"ன்னு ஒரு பார்வை பார்த்தாள்னா... அம்மாவும் இல்லாத பொண்ணு. அவளுக்கு இருக்கற ஒரே பக்கம் நான்தான் மாப்ளே. அது சாஞ்சிருக்குன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்.

— ...தெரிய வேண்டாம். நாலே முக்காலுக்கு நான் கிளம்பிடறேன்.

— ம்.

— அந்த டம்ளரை எடுங்க, பெல்ட்டைக் கழட்டணும்.

— கழட்டறியா? எதுக்குக் கழட்டறே? பெல்ட் நல்லாத்தானே இருக்கு. புது பெல்ட். அதைப் போய் ஏன்...

— மாமா.

— அந்த சீப்பை இன்னொரு தடவை பாரேன்.

— மாமா, பெல்ட் வழவழன்னு இருக்கு.

— புது ரப்பர் அப்படித்தான் இருக்கும்.

— இருங்க... மோந்து பாருங்க.

— எனக்கு மூக்கு அவ்வளவு சரியில்ல.

— அப்போ நீங்க கொஞ்சம் குனிஞ்சு தலையைக் காட்டுங்க.

— எதுக்கு?

— காட்டுங்களேன்... ஆமா. அதே வாசனை. பெல்ட்டுக்குத் தலைவலியா மாமா? தலைக்குத் தடவற எண்ணெயைத் தேச்சு விட்டிருக்கீங்க?

— ...யாரோ எண்ணெய்க் கையோட தொட்டிருப்பாங்க.

— கை தொட்ட மாதிரி இல்ல. ஒரு சுத்து, முழுசா, பொறுமையா தடவின மாதிரி இருக்கு. எண்ணெய்ப் பசை இருந்தா ரப்பர்ல ஒரு பொறி சார்ஜ் கூட ஏறாது. நான்தான் போன மாசம் சொன்னேன். "அப்படியா, அப்படியா"ன்னு கேட்டுட்டிருந்தீங்க.

— நல்லாக் கேட்டேன்ல?

— மாமா!

— கத்தாதே. போன ஞாயிறு நீ கிளம்பறப்போ என்ன சொன்னே?

— என்ன சொன்னேன்?

— "அடுத்த வாரம் முடிஞ்சுடும் மாமா"ன்னே. சந்தோஷமா வேற சொன்னே. நீ பைக்கைக் கிளப்பின சத்தம் தெருமுனை திரும்பற வரைக்கும் இங்கேயே நின்னுட்டிருந்தேன். அப்புறம் உள்ள வந்தா... இது மட்டும் நின்னுட்டிருக்கு, பளபளன்னு. முடிஞ்சா அதை அவ எடுத்துட்டுப் போயிடுவா. அடுத்த ஞாயிறு நீ எதுக்கு வருவே? பழைய மாமனாரைப் பார்க்க வந்தேன்னு எவனாவது சொல்லுவானா? ஊர் சிரிக்காது? எண்ணெய் பாட்டில் ஜன்னல்லதான் இருந்துது... திட்டறதுன்னா திட்டிடு. மனசுல வெச்சுக்காதே.

— ஸ்பிரிட் எங்க வெச்சீங்க?

— திட்டலையா?

— பஞ்சையும் எடுங்க. துடைச்சா போயிடும்.

— ஏன் திட்ட மாட்டேங்கறே? போன தடவை உருளைக்கு அவ்வளவு திட்டினே.

— இதுக்குத் தோணல... அந்தப் பக்கம் இழுத்துப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். உருளையையும் துடைக்கணும்.

— இந்த ஒயரை ஏன்பா பூ கட்டற மாதிரி நூல் போட்டுக் கட்டியிருக்கே? துடைக்கறப்போ கையில மாட்டுது. எல்லாரும் டேப்தானே சுத்தறாங்க?

— டேப் சூட்டுல இளகிடும். மோட்டார் காயில் சுத்தறவன் கை அது மாமா, நூல் இல்லாம நிக்காது. ரெண்டு சுத்து, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. அவ கூட கிண்டல் பண்ணுவா. ஒரு தடவை பால் பாக்கெட் கிழிஞ்சதுக்கு அப்படித்தான் கட்டினேன்.

— பால் நின்னுதா?

— நின்னுது. அவதான் நிக்கல... விடுங்க. போடுங்க ஸ்விட்சை.

— போட்டுட்டேன்... ஏறுது... ஏய்! வந்துது! பாத்தியா! பட்டுன்னு வந்துது!

— எத்தனை விரல்?

— ஒண்ணு... ரெண்டு.

— ரெண்டுதானா?

— நீ ஆறு சொன்னே.

— நாலுக்கு ஒத்துக்கோங்களேன் மாமா.

— ரெண்டைக் காட்டிட்டு நாலுக்கு ஒத்துக்கன்னா? நான் கடையில இருபது வருஷம் உக்காந்தவன், என்கிட்டயா? ஆறு. ஒரு விரல் கூட விட மாட்டேன்.

— அப்போ அவ்வளவுதான். இந்தக் காத்துல ஈரம் இருக்கு, அதுக்கு மேல வராது. போதும். நிறுத்திடலாம்.

— என்ன அவசரம்? உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குதே. அது என்ன?

— அது... மோட்டார் சத்தம்.

— மோட்டார் கீழ இருக்கு. சத்தம் மேலேருந்து வருது. குக்கர் வாஷர் போன மாதிரி. எங்கேயோ ஒழுகுது மாப்ளே.

— ஒண்ணும் ஒழுகல.

— நீதான் சொன்னே, ஒழுகினா இருட்டுல தெரியும்னு. லைட்டை அணைக்கறேன் இரு. அந்த ஜன்னலைச் சாத்து.

— வேண்டாம் மாமா, இருட்டுல எதையாவது தட்டி விட்டுடப் போறீங்க.

— என் குடோன். கண்ணைக் கட்டி விட்டாலும் தம்ளரும் டபராவும் எங்கன்னு சொல்லுவேன்... அணைச்சாச்சு. ஓட விடு.

— ...

— ஓட விடு மாப்ளே.

— ஓடுது.

— அடடா... அந்த மூட்டுல பாரு. மேல கோளமா கவுத்துச் சேர்த்த ரெண்டு குழித்தட்டும் சேர்ற இடத்துல. ஊதா கலர்ல... துளியூண்டு... மூச்சு விடற மாதிரி. அழகா இருக்குப்பா.

— ஆமா... அழகாத்தான் இருக்கு.

— அங்கதான் ஓட்டை. நிறுத்து. தொடலாமா?

— இருங்க, கோலால தொட்டு இறக்கிடறேன்... ம், இப்போ தொடலாம்.

— லைட்டைப் போடறேன். இந்தத் தட்டு ரெண்டும் நானே தேடி எடுத்தது. விளிம்பு உள்பக்கம் மடிச்சது. முனை வெளிய தெரியாது. கடையில இருந்த அத்தனை தட்டையும் தடவிப் பார்த்து எடுத்தேன். இதுல எப்படி ஒழுகும்... இரு. குத்துது. வாயேன், கண்ணாடி போட்டுப் பாரு. இது என்ன, முடியா? முடி இல்ல. கம்பி. செம்புக் கம்பி. முடியை விட மெலிசு. மூட்டுக்குள்ள சொருகி, முனையை மட்டும் வெளிய விட்டிருக்கு. மாப்ளே?

— ம்.

— இந்த ரெண்டு பேர்ல செம்புக் கம்பி சுத்தற தொழில் எனக்கா, உனக்கா?

— ...வேலை பார்க்கறப்போ ஒட்டிட்டு வந்திருக்கும்.

— ஒட்டிட்டு வந்தது, மூட்டுல தானா நுழைஞ்சு, தானா வளைஞ்சு, தானா நின்னுதாக்கும்? பொய் சொல்றப்போ சிரத்தையா சொல்லணும்னு யாரோ சொன்னாங்க இப்போ.

— இன்னைக்கு வந்ததும் கோளத்தைத் துடைச்சு மாட்டினேனே... அப்போ வெச்சேன்.

— ஏன்?

— உங்களுக்கே தெரியும்.

— தெரியாது. நான் என் சரக்கை அவிழ்த்துக் கொட்டிட்டேன். நீ மட்டும் மூட்டையைக் கட்டி வெச்சுக்கிட்டா எப்படி? சொல்லு.

— முனை வெளிய நீட்டிட்டு இருந்தா சார்ஜ் அது வழியா காத்துல கசிஞ்சுடும். ஆறு விரல் வராது. "இன்னும் சரியாகல, அடுத்த வாரம் பார்க்கலாம்"னு சொல்லலாம்னு...

— அதைக் கேக்கல.

— ...ஞாயித்துக்கிழமை பட்டறையில யாரும் இருக்க மாட்டாங்க மாமா. ரூம்லயும் யாரும் இல்ல. எரிஞ்சுபோன மோட்டாரைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன். இங்க வந்தா... திட்டறதுக்காவது ஒருத்தர் இருக்கார். டீ ஆறிப்போச்சுன்னா இன்னொண்ணு போட்டுத் தர்றார். உருளையைத் தப்பா வாங்கிட்டு வந்து என்கிட்டயே சண்டை போடறார். மாமா? கண்ணு...

— ஸ்பிரிட். அந்த ஸ்பிரிட் வாசனை ஆகல. பாட்டிலை மூடு.

— மூடித்தான் இருக்கு.

— அப்போ இறுக்கமா மூடு. அட கிறுக்கா! நான் எண்ணெய் தடவறேன், நீ கம்பி சொருகறே... ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பொண்ணு மெஷினை என்ன பாடு படுத்தியிருக்கோம்!

— பசங்ககிட்ட வேற சொல்லி வெச்சிருப்பா. எல்லாரும் ஆறு விரல் மின்னலுக்குக் காத்திட்டிருப்பாங்க.

— பசங்க தலைமுடி ஊசி ஊசியா நிக்குமாமே? புதன்கிழமை சொன்னா. சொல்றப்போ அவ முகத்தைப் பார்த்திருக்கணும் நீ.

— எனக்குத் தெரியும் அந்த முகம். முத முதல்ல ஒரு விரல் வந்தப்போ பார்த்திருக்கேன்.

— ...சரி. என்ன பண்ணலாம்? நீயே சொல்லு.

— நல்லபடியா முடிச்சுக் குடுத்துடலாம் மாமா. அவ பொருள்.

— குடுத்துடலாம். யோக்கியமா குடுத்துடலாம். கம்பியைப் பிடுங்கு. அப்புறம்... ஞாயித்துக்கிழமை ஏதாவது யோசிக்கலாம். கடையில மிக்ஸி கூட இருக்கு. எத்தனை மிக்ஸிக்கு மோட்டார் இருக்கு தெரியுமா? எல்லாம் கெட்டுப்போகும். கெட்டுப்போகலேன்னா நான் பார்த்துக்கறேன்.

— மூட்டைத் தடவிப் பாருங்க.

— வழவழன்னு இருக்கு. ஒரு பிசிறு இல்ல.

— போடுங்க. கடைசித் தடவை.

— போட்டாச்சு. ஏறட்டும்... ஏறட்டும்... மாப்ளே?

— இருங்க.

— ரெண்டு விரலும் போச்சே!

— ஒண்ணுமே வரல... நிறுத்துங்க. அது எப்படி? இப்போ எல்லாம் சுத்தமா இருக்கே.

— இன்னொண்ணு என்ன பண்ணி வெச்சே, மரியாதையா சொல்லிடு.

— நான் ஒண்ணும் பண்ணல. நீங்க?

— எண்ணெயோட சரி. என் வியாபாரத்து மேல ஆணை.

— அப்போ... அடியில பார்க்கறேன். மாமா, இங்க பாருங்க. எர்த் ஒயர் தொங்குது.

— அது என்ன பண்ணும்?

— அதுதான் ஆணிவேர். கீழ் சீப்புக்கு பூமியிலேருந்து வரவு வர்றதே அது வழியாத்தான். பித்தளை ஸ்க்ரூ ஒண்ணு போட்டு முடுக்கியிருந்தேன். ஸ்க்ரூவைக் காணோம்!

— விழுந்திருக்கும்.

— விழல. ஸ்க்ரூவைக் கழட்டி எடுத்துட்டு, ஒயரைச் சும்மா ஓட்டையில சொருகி வெச்சிருக்காங்க. பார்த்தா முடுக்கின மாதிரியே இருக்கும். மோட்டார் ஆடின ஆட்டத்துல இப்போதான் நழுவியிருக்கு.

— எலி?

— எலி ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருக்குமா மாமா?

— என் குடோன் எலி கெட்டிக்கார எலி... நிஜமா நீ இல்லையா?

— நிஜமா இல்ல. சரி விடுங்க, ஒயரை முறுக்கிக் கட்டிடலாம். அந்தக் குறடை எடுங்க...

— அப்பா!

— அய்யோ. மாப்ளே, அவ!

— அஞ்சு மணின்னீங்களே மாமா!

— அந்தப் பெரிய அண்டாவுக்குப் பின்னாடி போ. குனி. இன்னும் குனி. மூச்சு விடாதே.

— மாமா, அங்க தூசி...

— போ!

— அப்பா, ஷட்டர் பாதி இறங்கியிருக்கு. குனிஞ்சு வரட்டுமா?

— வா... வாம்மா! பார்த்து வா, தலை இடிச்சுக்காதே. என்னம்மா சீக்கிரம் வந்துட்டே? அஞ்சு மணின்னியே?

— சும்மாத்தான் இருந்தேன். யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?

— நானா? அண்டாகிட்ட.

— என்ன சொல்லிச்சு அண்டா?

— தனியா இருக்கற மனுஷன்மா... எதுகிட்ட வேணும்னாலும் பேசுவான்.

— டீ ரெண்டு டம்ளர் இருக்கு.

— ஒண்ணு மெக்கானிக்குக் குடுத்தது. வந்தார், வேலை பார்த்தார், போயிட்டார்.

— இன்னும் ஆவி பறக்குதேப்பா.

— வேகமா போயிட்டார்.

— ஹ்ஹ்... ஹ்ஹச்!

— எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்மா.

— உங்க வாய் மூடியிருந்துதே?

— எதிரொலி. இத்தனை பாத்திரம் அடுக்கியிருக்கே, இங்க தும்மினா அங்க கேக்கும். ஆமா, வண்டி எங்க? வாசல்ல சத்தத்தைக் காணோம்?

— வண்டி சொல்லலப்பா.

— சொல்லலையா? அப்போ மெஷினை எப்படிக் கொண்டு போவே?

— ஓடுதா முதல்ல?

— அது வந்து... ஒரு சின்னக் கோளாறு. எர்த்தோ என்னவோ. இன்னும் ஒரு வாரம்... ஒரு ரெண்டு வாரம்னு வெச்சுக்கோயேன்... பசங்க காத்திட்டிருப்பாங்களேம்மா?

— கண்காட்சிக்கு இன்னும் நாள் இருக்கு. மெதுவா ஆகட்டும். பெல்ட்டைத் துடைச்சுட்டீங்க போலிருக்கே?

— பெல்ட்டா? பெல்ட்டுக்கு என்ன?

— புதன்கிழமை அளவெடுத்தப்போ உங்க தலை எண்ணெய் வாசனை வந்துது. மெஷினுக்கு யாரு தலை வாரிவிட்டாங்கன்னு பார்த்தேன். அப்புறம் கீழ குனிஞ்சு ஒயரைப் பார்த்தேன்.

— ஒ... ஒயரை எதுக்குப் பார்த்தே?

— நூல் போட்டுக் கட்டியிருந்துது. ரெண்டு சுத்து, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு.

— மெக்கானிக்குங்க அப்படித்தான்மா...

— எல்லா மெக்கானிக்கும் டேப்தான்ப்பா சுத்துவாங்க. ஏன்ப்பா இப்படி நிக்கறீங்க? உக்காருங்க. நான் என்ன சண்டைக்கா வந்தேன்?

— அம்மாடி... நான் உன் பக்கம்தான்மா. எப்பவும் உன் பக்கம்தான். அதுல மாத்தம் இல்ல. இது வந்து...

— தெரியும்ப்பா. நீங்க என் பக்கம் இருக்கறதுக்காக ஞாயித்துக்கிழமையெல்லாம் தனியா உக்காந்திருக்கணும்னு நான் கேட்டேனா? புதன்கிழமை நான் வர்றப்போல்லாம் நீங்க கடைக் கணக்குத்தான் பேசுவீங்க. இந்த மெஷின் வேலை ஆரம்பிச்சதுலேருந்துதான் சிரிக்கறீங்க. உருளை வாங்கின கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே... நல்ல மெக்கானிக் கிடைக்கறது கஷ்டம். எனக்கு ஒத்து வரலேங்கறதுக்காக நீங்க ஆளை மாத்தணும்னு இல்ல.

— நீ... நீ யாரைம்மா சொல்றே?

— மெக்கானிக்கைத்தான்.

— அப்போ அந்த எர்த் ஒயர்... இங்க ஒரு ஸ்க்ரூ காணாம போயிடுச்சும்மா...

— பித்தளை ஸ்க்ரூதானே? என் பர்ஸ்ல இருக்கு. அடுத்த ஞாயிறு எடுத்துட்டு வரேன், மறந்துட்டா அதுக்கடுத்த ஞாயிறு... இப்போ அவரை அந்த அண்டாவுக்குப் பின்னாடியிலேருந்து எழுந்து வரச் சொல்லுங்கப்பா, தூசி அவருக்கு ஆகாது.